மெட்டல் பாட்டும் சூலை நோயும்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகன் எந்நேரமும் ஹெவி மெட்டல் என்கிற அதிரடி ராக் இசையைக் கேட்கிறான். மெட்டாலிகா என்ற குழுவின் ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டு வரிகளைத் தேடிப் படித்தேன். வாழவே பிடிக்காமல் ஒருவன் விடைபெறுகிறான். இதில் விடுதலை இருக்கிறதாம், மகன் சொல்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தீர்கள், அவன் கேட்கிறான். 1984இல் வந்த அந்தப் பாட்டு, விடைபெறும் வரியோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு கிட்டார் தனியாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறது, பாடியவன் சொன்ன ‘போதும்’ தன் காதில் விழாத மாதிரி. மகன் சொல்லும் விடுதலை அந்த இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இசையின் கனமே ஒரு காயத்தில் பிறந்ததுதான். 1965இல் பர்மிங்காமில் ஒரு தகடு ஆலையில் 17 வயது கிட்டார்காரர் டோனி ஐயோமிக்கு வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், பிறகு தந்திகளையும் தளர்த்தினார், அவருடைய பிளாக் சபாத் குழுவின் அந்தத் தாழ்ந்த இருண்ட ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், நம்ம பக்கத்துக்கு இது என்ன புதுசா? திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகத்தைக் கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்டால் பக்தி. வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், குடலை முறுக்கும் சூலை நோய் எமனாகவே வந்து நிற்கிறது, விலக்க மாட்டேன் என்கிறீரே என்று ஒரு மனிதர் கதறுகிறார். அதே வாய்தான் பின்னால் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்’ என்றும் பாடியது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்பருக்கு முறையிட அதிகை வீரட்டானத்து அம்மான் இருந்தார், இந்தப் பாடல்களில் பலவற்றில் எதிரே கேட்க யாருமே இல்லை. அதனால்தான் அவ்வளவு சத்தமோ என்னவோ.

எல்லாம் உசத்தி என்று சொல்ல மாட்டேன். சாவைச் சட்டையில் அச்சடித்துக் காசு பார்க்கும் பேண்டுகளும் ஏராளம். மகன் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அது வேறு விஷயம், பாட்டைத் திட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மற்றபடி ஒரு நாள் அவனோடு உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கடைசிவரை கேளுங்கள், பிடிக்கவில்லை என்றால் அதையும் அவனிடமே சொல்லுங்கள்.