பழுது பார்த்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மா வாங்கிய மிக்ஸி இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. மோட்டார் காயிலைப் புதிதாகக் கட்டியாயிற்று, கப்ளர், ஜார், ஒயர் எல்லாம் மாற்றியாயிற்று. இப்போது மோட்டாரில் தீப்பொறி வருகிறது. "எல்லாம் மாறிய பிறகு இது பாட்டியின் மிக்ஸியே இல்லை. புதிதாக ஒன்றைச் செய்வதில்தான் அறிவு இருக்கிறது, ஒட்டுப்போடுவதில் என்ன இருக்கிறது?" என்கிறான் பொறியியல் படிக்கும் என் மகன். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரி,

நல்ல கேள்வி. தமிழில் நாம் பழுதைப் 'பார்க்கிறோம்'. வைத்தியம் பார்ப்பதுபோல, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல. கையில் ஒழுங்காக வேலை செய்யும் சுத்தியல் நம் கண்ணில் படுவதே இல்லை, உடைந்த பிறகுதான் அது ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கிறது என்று 1927இல் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் எழுதினார். அப்படி வந்து நிற்பதை யார் பார்ப்பது?

சென்ற மாதம் எங்கள் மிக்ஸியிலும் தீப்பொறி. அயனாவரத்தில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உடனே திறக்கவில்லை. ஓடவிட்டுக் காது கொடுத்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு திருகுகளைக் கழற்றி, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ்ஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தளவுகூட மிச்சமில்லை. "இது தேய்வதற்கென்றே வைத்தது சார். இது தேயாவிட்டால் செம்பு தேய்ந்துவிடும்" என்றார்.

அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுழலும் செப்புப் பட்டைகளைக் காப்பாற்ற, அவற்றைவிட மென்மையான கரித்துண்டை ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அந்த மோட்டாரை வடிவமைத்தவர், பின்னால் ஒருவர் வந்து இதைத் திறப்பார், பார்ப்பார், மாற்றுவார் என்று நம்பியிருக்கிறார். உங்கள் மகன் சொல்லும் அறிவு பாதி அவரிடம் இருந்தது. மீதியை முகமறியாத இந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்திருக்கிறார். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி மூடிய கைப்பேசிகளில் இந்த நம்பிக்கை இல்லை. அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

எல்லாம் மாறினால் அது அதே பொருளா என்கிறார் உங்கள் மகன். சென்னையிலிருந்து போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது உத்திரமேரூர். பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது: குடவோலையில் தேர்ந்த ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. ஏரிக்குப் பல்லவப் பட்டப்பெயரில் வைரமேக தடாகம் என்று பெயர்; ஆண்டுதோறும் மாறிய அந்த ஆறு பேரின் பெயர்கள் நமக்குத் தெரியாது. தண்ணீர் ஒவ்வொரு மழைக்கும் புதிது, கரை மண்ணும் புதிது. ஆனாலும் ஊருக்கு அது ஒரே ஏரி, ஏனென்றால் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. உங்கள் அம்மாவின் மிக்ஸியை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டது உங்கள் வீடு.

கடைக்குப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். மோட்டாரைத் திறக்கும்போது அவர் பக்கத்தில் நிற்கட்டும். தேய்ந்த பிரஷ்ஷைக் கேட்டு வாங்கி மகன் கையில் கொடுங்கள்.