தலைப்பில் சிறுகோடா, பைப்பா?

கேள்வி: என் தளத்தின் பக்கத் தலைப்புகள் எல்லாவற்றிலும் தளப் பெயருக்கு முன்னால் பைப் குறி (|) இருக்கிறது. அதைச் சிறுகோடாக (-) மாற்றினால் கூகுளில் மேலே வருமா?

பதில்: வராது. சிறுகோடு, முக்காற்புள்ளி, பைப் எதை வேண்டுமானாலும் வைத்துத் தளப் பெயரைப் பிரிக்கலாம் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. இதற்காகப் பழைய பக்கங்களைத் திருத்துவது வீண்வேலை. ஒரு குறியைத் தேர்ந்தெடுத்து, இருபுறமும் இடைவெளி விட்டு, எல்லாப் பக்கங்களிலும் அதையே வையுங்கள். பக்கத்தின் பொருள் முதலில் வரட்டும், தளப் பெயர் கடைசியில்.

கவனிக்க வேண்டியது அகலம். கணினித் திரையில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் சுமார் 600 பிக்சல். மீறினால் வால் அறுந்து மூன்று புள்ளிகள் நிற்கும். நீளக்கோடு (—) பைப்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பலரும் ஒப்பிக்கும் '60 எழுத்து' கணக்கு ஆங்கிலத்துக்கானது. 'ணை', 'ஞா' போன்ற அகல எழுத்துகள் உள்ள தமிழ்த் தலைப்பு அதற்கு வெகு முன்பே வெட்டுப்படும்.

இன்னொன்று: 'மடிக்கணினி | மலிவு மடிக்கணினி | சிறந்த மடிக்கணினி' என்று பைப் போட்டுப் போட்டுச் சொற்களை அடுக்காதீர்கள். கூகுள் உங்கள் தலைப்பை ஒதுக்கிவிட்டு, பக்கத்தின் எச்1 வரியையோ (பக்கத்துக்குள் தெரியும் முதன்மைத் தலைப்பு) வேறொன்றையோ காட்டிவிடலாம்.

கேள்வி: தலைப்பில் & போட்டால், அதன் பின்னால் 'ஏஎம்பி' என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்து தெரிகின்றன. ஏன்?

பதில்: குறியாக்கம், அதாவது சிறப்புக் குறியை எச்டிஎம்எல்லுக்கு ஏற்ற வடிவில் மாற்றி எழுதுவது, இரண்டு முறை நடந்திருக்கிறது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் & குறியை அந்த நீண்ட வடிவில் எழுதுவதுதான் முறை; பெரும்பாலான தள மென்பொருள்கள் அதைத் தாமே செய்துவிடும். நீங்களும் கையால் அப்படி எழுதினால் மென்பொருள் அதிலுள்ள & குறியை மறுபடி மாற்றும். தலைப்புப் பெட்டியில் வெறும் & மட்டும் இடுங்கள். 'மற்றும்' என்று எழுதினால் தொல்லையே இல்லை.

இரட்டை மேற்கோள் வேறு வகைச் சிக்கல். பக்கத் தலைப்பைத் தாங்கும் டைட்டில் டேகில் அது தொந்தரவு செய்யாது. ஆனால் சமூக ஊடகப் பகிர்வுக்கான மெட்டா டேகில் தலைப்பே மேற்கோள் குறிகளுக்குள்தான் இருக்கும். தளத்தின் வார்ப்புரு (டெம்ப்ளேட்) தலைப்பிலுள்ள மேற்கோளைக் குறியாக்கம் செய்யாவிட்டால், தலைப்பில் வரும் முதல் மேற்கோளோடு வரி முடிந்துவிடும். பகிரும்போது அரைத் தலைப்புதான் தெரியும்.

கேள்வி: பக்க முகவரியில் சொற்களுக்கு இடையே அடிக்கோடு (_) வைக்கலாமா?

பதில்: சிறுகோடு வையுங்கள்; கூகுள் பரிந்துரைப்பதும் அதைத்தான். ஏற்கெனவே அடிக்கோட்டோடு நன்றாக ஓடும் முகவரிகளைத் தொட வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) அமையுங்கள்.