'த' என்றால் 'அந்த'வா?

வணக்கம் ஐயா,

கொடிகாமத்துக்கு அருகில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆங்கிலச் சொல்லான 'த' (the) என்றால் 'அந்த' என்றுதான் இத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். சென்ற கிழமை தரம் 8 மாணவி ஒருத்தி கேட்டாள்: "'த சன்' என்றால் 'அந்தச் சூரியன்'. அப்படியானால் இன்னொரு சூரியன் இருக்கிறதா, ரீச்சர்?" பதில் சொல்ல முடியவில்லை. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பிள்ளையின் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. 'அந்த' என்னும்போது நாம் பலவற்றுள் ஒன்றைச் சுட்டுகிறோம். 'த' அப்படிச் சுட்டுவதில்லை. 'நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்' என்பதை மட்டும் கேட்பவருக்கு உணர்த்துகிறது. சூரியன் ஒன்றுதான் என்பதால் தெரியும். முன்பே பேசிய பொருள் என்றாலும் தெரியும்.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. "சைக்கிள் வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால், ஏதோ ஒரு சைக்கிள். "சைக்கிளை வாங்கினேன்" என்றால், நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த சைக்கிள். இரண்டாம் வேற்றுமையின் அந்தச் சிறிய 'ஐ' இங்கே 'த' செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பாருங்கள். உங்கள் மாணவிகள் தாங்களே வேறுபாட்டைச் சொல்வார்கள். ஆனால் இது அஃறிணைச் செயப்படுபொருளுக்குத்தான் பொருந்தும். "ஒருவனைக் கண்டேன்" என்பதில் யாரென்று தெரியாதபோதும் 'ஐ' வருகிறது. எழுவாயிலோ எந்த அடையாளமும் இல்லை. "பஸ் வந்துவிட்டது" என்றால் எந்த பஸ் என்பதைத் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் தாங்களே அறிவார்கள். ஆங்கிலத்தில் அங்கும் 'த' வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது அங்கேதான்.

இனிப் பிறப்பு. நீங்கள் எழுதிய 'அந்த' வரலாற்றில் பொய்யன்று. பழைய ஆங்கிலத்தில் இது சுட்டுச்சொல்லாகவே இருந்தது. ஆண்பாலுக்குச் 'சே', பெண்பாலுக்குச் 'சேயோ', மூன்றாவது பாலுக்குத் 'தட்'. நம்மைப் போல அவர்கள் பொருளைப் பார்த்துப் பால் பிரிக்கவில்லை. சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். வேற்றுமைக்கு வேற்றுமை வடிவமும் மாறும். அந்த வடிவங்களில் பெரும்பாலானவை 'த' ஒலியில் தொடங்கியதால், காலப்போக்கில் 'சே'யும் அவற்றோடு ஒத்துப்போய்த் 'தே' ஆனது. பாலும் வேற்றுமையும் தேய்ந்தபின் அந்த ஒரே வடிவம் எல்லாப் பெயர்களுக்கும் போதுமானதாயிற்று. 1154இல் முடியும் பீற்றர்பரோ நாளாகமம் என்ற பழைய ஆங்கில வரலாற்றுக் குறிப்பேட்டின் கடைசிப் பகுதிகளிலேயே அதைக் காணலாம். 'தட்' மட்டும் தனியாகப் பிழைத்து, இன்றும் 'அது' என்று சுட்டிக்கொண்டிருக்கிறது.

சுட்டு தேய்ந்து இப்படி ஆவது ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததன்று. லத்தீனில் இத்தகைய சொல்லே இல்லை. அதன் 'இல்லே' என்ற சுட்டிலிருந்துதான் பிரெஞ்சின் 'ல', 'லா' பிறந்தன. தமிழில் சுட்டு தேயவில்லை. தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ என்ற மூன்றில், பிற இடங்களில் பேச்சிலிருந்து மறைந்துவிட்ட 'உ'வையும் யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்', 'உந்தக் கதிரை' என்று நாள்தோறும் புழங்குகிறோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஊர்ப்பெயர்களுக்கு விதி தேடிக் களைக்க வேண்டாம். யாழ்ப்பாணம், இலங்கை என்பவற்றுக்கு 'த' வராது. யாழ்ப்பாணக் குடாநாடு, பாக்கு நீரிணை, மாலைதீவு என்பவற்றுக்கு வரும். இவற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகுவதே வழி.

ஒன்றை மட்டும் அந்த மாணவியிடம் சொல்லுங்கள். 'த சூனர் த பெட்டர்' என்ற தொடரில் வரும் 'த', அதே பழஞ்சுட்டின் கருவிப்பொருள் வேற்றுமை வடிவம். 'அவ்வளவால்' என்பது அதன் பொருள். "எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது" என்று நாமும் அங்கே 'அ' என்ற சுட்டைத்தான் வைக்கிறோம். உங்கள் கரும்பலகை 'அந்த'வுக்கு மிக அருகில் நிற்கும் 'த' அதுதான்.