காதால் பார்க்கிற சீரியல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மா 'மெட்டி ஒலி'யை இப்போது போனில் நான்காவது முறையாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். கதை முழுக்கத் தெரியும், இருந்தும் அதில் வருகிற மகள் சரோவுக்காக மறுபடி அழுகிறார். இது என்ன வியாதி?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: வியாதி என்றால் எங்கள் வீட்டிலும் அது உண்டு. திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடியபோது ஒரு முறை, 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது ஒரு முறை என்று என் அம்மாவும் முழுசாகப் பார்த்தார். பார்த்தார் என்பதுகூடத் தப்பு, கேட்டார். சிவதாபுரம் பக்கம் எங்கள் வீட்டில் அப்போது கொலுசு வேலை. பட்டறையில் எடை போட்டு வாங்கி வந்த வெள்ளி வளையங்களை மடியில் துணி விரித்துக் கொட்டிக்கொண்டு, சாமணத்தால் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே இருப்பார், நாலு வளையம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனாலும் திருப்பிக் கொடுக்கும்போது எடை இடிக்கும், அதனால் கண்ணை எடுக்கவே முடியாது. டிவி அவருக்கு ரேடியோ மாதிரிதான். மாமியார் ராஜமாக வந்த சாந்தி வில்லியம்ஸ் வாயைத் திறந்தாலே "வந்துட்டா" என்று முனகுவார், ஆனால் நிமிரமாட்டார். அந்த டமார் சத்தம் வந்தால்தான் தலை தூக்குவார்.

எல்லோரும் கிண்டல் செய்கிற அதே டமார்தான், ஒரே முகத்தை மூன்று தடவை காட்டும்போது வருமே! நானும் நிறைய கிண்டல் செய்தவன். கையில் வேலை வைத்திருப்பவர்களுக்கு அது 'இப்போ பாரு' என்று அடிக்கிற மணி என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ஒரு விஷயத்தை நாலு பேர் நாலு தடவை சொல்வதும் அப்படித்தான், நடுவில் பால் பொங்கியிருக்கும், இல்லாவிட்டால் கூலி வாங்கப் பட்டறைக்குப் போயிருப்பார்கள். உங்கள் அம்மா அழுவதற்கு வருகிறேன். டெல்லி குமார் நடித்த சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள், சரோ அதில் ஒருத்தி, ஐந்து பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்கிற அப்பா அவர். நம் வீட்டில் பெரியம்மா தன் கல்யாணத்தில் நடந்த சீர் சண்டையை நாற்பதாவது தடவை சொல்லும்போதும் கண் கலங்குகிறாரே, அங்கே முடிவு தெரியாமலா அழுகிறார்?

கேள்வி: 'விடாது கருப்பு' இப்போது பார்த்தாலும் பயமாக இருக்குமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: படத்தைப் பார்த்தால் பெரிதாக இருக்காது. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி அந்தக் குதிரைக் குளம்புச் சத்தத்தை மட்டும் கேளுங்கள், அப்புறம் எழுதுங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'மர்மதேசம்' சீரியல் வரிசையில் எனக்கு இதுதான் முதலிடம். அதில் வந்த சேத்தன்தான் பிறகு 'மெட்டி ஒலி'யில் சரோவைப் படுத்தி எடுத்த கணவன் மாணிக்கம் என்பதை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை.

கேள்வி: மாரிமுத்து போனபிறகு 'எதிர்நீச்சல்' பார்க்கவே பிடிக்கவில்லை. அவருக்குப் பதில் வந்த வேல ராமமூர்த்தியும் நல்ல நடிகர்தானே, ஏன் ஒட்டவில்லை?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: உங்கள் ஊரிலேயே எனக்கு இதற்குப் பதில் கிடைத்தது. 2023-ல் நாகலூரில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன், மலையில் மழை பிடித்தால் டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடையும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கும் படம் உறைந்து, ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் பாதி முகம் பச்சையாக நின்றுவிட்டது, ஆனால் ஒலி மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த "ஏய், இந்தாம்மா" வந்ததும் பெரியம்மா சிரித்தார், அந்த ஆளை அவ்வளவு திட்டுகிறவர்! மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ம் தேதி இறந்தார், அதுவும் இந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உடம்பு முடியாமல் போனது. வேல ராமமூர்த்திக்கு மிரட்டல் நன்றாக வரும், ஆனால் மாரிமுத்து மிரட்டலுக்குள் ஒரு நக்கல் வைத்திருந்தார், பொடி வைத்து ஊதுகிற பேச்சு. முகம் மாறினால் ஒரு வாரத்தில் பழகிவிடும், அந்தப் பேச்சுக்குப் பழகின காது சீக்கிரம் மாறாது.

கேள்வி: 'லொள்ளு சபா' மாதிரி இப்போது ஏன் ஒன்றும் வருவதில்லை?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: படங்களைக் கேலி பண்ணுகிற நிகழ்ச்சிக்கு முதலில் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. ராம்பாலா, சந்தானம், ஜீவா, சுவாமிநாதன் கூட்டணி விஜய் டிவியில் கலக்கியபோது அது நடந்தது. இப்போது வெள்ளிக்கிழமை வருகிற படத்துக்குச் சனிக்கிழமையே போனில் நூறு மீம்ஸ், டிவிக்காரர்கள் செட் போட்டு முடிப்பதற்குள் ஜோக் ஆறிவிடும். இன்னொன்று, அது கண்ணால் பார்க்க வேண்டிய சமாச்சாரம். அதில் வந்த மனோகர் கையையும் காலையும் ஒரு மாதிரி உதறிக்கொண்டு வசனம் பேசுவாரே, அதைக் காதால் கேட்டு என்ன செய்வது? நானும் தம்பியும் தரையில் உருண்டு சிரிப்போம். அம்மா மட்டும் வளையத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எதுக்குடா சிரிக்கிறீங்க, ஒண்ணுமே சொல்லலையே அவன்" என்பார்.