மரை ஏறினால் போதுமா? ஆயில் ஃபில்டர் கேள்வி பதில்

கார் எஞ்சின் ஆயில் மாற்றுவதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபில்டரைப் பற்றியவை. இருபது வருடத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தோஷம்தான். நல்ல ஆயிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஃபில்டரைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்விஃப்ட் ஆயில் ஃபில்டர் என்று கேட்டால் கடைக்காரர் மூன்று டப்பாவை எடுத்து வைக்கிறார். எதை எடுப்பது அண்ணா? (ஈரோடு)

வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் அப்படித்தான் ஆகும் தம்பி. ஸ்விஃப்ட் பெட்ரோலிலும் வந்தது, 1.3 லிட்டர் டீசலிலும் வந்தது. பெட்ரோலுக்குத் திருகி மாட்டுகிற தகர டப்பா ஃபில்டர். டீசலுக்கு டப்பாவே கிடையாது, பிளாஸ்டிக் மூடிக்குள் உட்காரும் பேப்பர் எலிமென்ட்தான், அதாவது வடிகட்டும் பேப்பர் மட்டும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கடைக்குப் போகும்போது எஞ்சின் எது, எந்த வருடம் எந்த மாதம் தயாரித்தது, ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பர், இவ்வளவும் கையில் இருக்கட்டும். சேசிஸ் நம்பரைச் சொன்னால் கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் பார்ட் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். சுசுகி ஃபில்டர் நம்பர் 16510 என்றும், ஹோண்டா 15400 என்றும், ஹூண்டாயின் டப்பா ஃபில்டர் 26300 என்றும் தொடங்கும். ஆனால் அது ‘ஆயில் ஃபில்டர்’ என்பதை மட்டும்தான் சொல்கிறது. எந்த எஞ்சினுக்கு என்பது அதற்குப் பிறகு வரும் எழுத்திலும் எண்ணிலும் இருக்கிறது. முழு நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். பாஷ், மான் போன்ற வேறு பிராண்ட் வாங்கினாலும் அந்த நம்பருக்கு நேரான நம்பரை அவர்கள் கேட்டலாக்கில் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று. கழற்றிய ஃபில்டரைக் காட்டி அதே மாதிரி வாங்குவது எப்போதும் சரியாக இருக்காது. போன தடவை மாட்டியவர் தப்பாக மாட்டியிருந்தால் நீங்களும் அதே தப்பைத் தொடர்வீர்கள்.

ஹோண்டா சிட்டி ஃபில்டர் ஒன்று மிச்சம் இருக்கிறது. என் 2005 கரோலாவில் வைத்துப் பார்த்தேன், மரை ஏறுகிறது. மாட்டலாமா சார்? (மதுரை)

தயவுசெய்து மாட்டாதீர்கள். நீங்கள் கேட்டதே நல்லது.

ஹோண்டா ஃபில்டரின் மரை 20 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. உங்கள் கரோலாவில் இருப்பது முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ., அங்குலத்துக்கு 16 மரை. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதனால்தான் பெரிய ஓட்டை உள்ள ஃபில்டர் எஞ்சினில் இருக்கும் சின்ன ஸ்டட்டில் (மரை போட்ட தண்டில்) லேசாக ஏறிவிடுகிறது, கையால் இறுக்கினால் இறுகுவது போலவும் இருக்கும். உண்மையில் மரையின் நுனிதான் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஆயில் பிரஷர் ஏறினால் அந்தப் பிடி போதாது. ஓடுகிற வண்டியில் ஃபில்டர் கழன்று விழுந்தால் மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். நிமிட நேரத்தில் எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிடும்.

மரை ஏறும்போது வழக்கத்தைவிட லூசாக ஆடினாலோ, இரண்டு சுற்றிலேயே முரண்டு பிடித்தாலோ அங்கேயே நிறுத்திக் கழற்றிவிடுங்கள்.

மரை, ரப்பர் வாஷர், உயரம் எல்லாம் ஒன்றுதான். விலை மட்டும் பாதி. உள்ளே அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடும்? (திருச்சி)

இந்தக் கேள்விக்காகவே போன மாதம் கழற்றிய இரண்டு ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். வெளியே இரண்டும் ஒரே உருவம். ஒன்றில் பேப்பர் மடிப்பு நெருக்கமாக, ஓரம் வரை பசை ஒட்டி நேராக நின்றது. மற்றதில் மடிப்புகள் எண்ணிவிடலாம் போல இடைவெளி விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பசை விட்டுப்போன ஓரத்தில் நகம் நுழைந்தது. நகம் நுழைகிற இடத்தில் ஆயில் வடிகட்டாமலே போகும்.

உள்ளே இரண்டு வால்வு உண்டு. முதலாவது பைபாஸ் வால்வு. பேப்பர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ இது திறந்து ஆயிலை வடிகட்டாமல் அனுப்பும். எஞ்சினுக்கு ஆயிலே போகாமல் இருப்பதைவிட அழுக்கு ஆயில் போவது மேல். எவ்வளவு பிரஷரில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், பல கார்களுக்கு ஏறக்குறைய 1 பார் (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு). சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும், அவற்றின் ஃபில்டரில் வால்வு இருக்காது. அந்த ஃபில்டரை எடுத்து, வால்வு தேவைப்படுகிற எஞ்சினில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இரண்டாவது, எஞ்சினை அணைத்த பிறகு ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர். ஃபில்டர் படுத்த வாக்கில் இருக்கும் வண்டிகளில் இது மிக முக்கியம். சிலிக்கான் ரப்பர் சூட்டைத் தாங்கும். நான் அறுத்த விலை குறைந்த ஃபில்டரில் இருந்த ரப்பர், மடக்கினால் உடைகிற அளவுக்கு விறைத்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி ‘கடகட’ சத்தம் வந்தால் இந்த ரப்பரின் மேலும் ஒரு சந்தேகம் இருக்கட்டும்.

அதனால் பிராண்ட் மாறலாம், தப்பில்லை. நம்பர் மாறக்கூடாது.

பெரிய ஃபில்டர் போட்டால் நல்லதாமே?

அதே மரை, அதே வாஷர், அதே வால்வு, அந்த எஞ்சினுக்கென்றே கேட்டலாக்கில் இருந்தால் போடலாம். வெறும் உயரத்தைப் பார்த்துப் போடாதீர்கள். கீழே தொங்கினால் ஸ்பீட் பிரேக்கரில் அடி வாங்கும்.

புது வண்டி, வாரன்டி இருக்கிறது. வெளியே வாங்கிப் போடலாமா? (நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி)

வாரன்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸிலேயே போட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. நூறு இருநூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பின்னால் வாக்குவாதம் செய்யும் நிலை வேண்டாம்.

டீசல் வண்டி. எலிமென்ட்டை நானே மாற்றினேன், மூடி ஓரத்தில் ஆயில் கசிகிறது. (தஞ்சாவூர்)

மூடியில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் இருக்கும். புது எலிமென்ட்டோடு டப்பாவிலேயே புதிதாக ஒன்று வரும், பலர் அதைக் கவனிக்காமல் டப்பாவோடு எறிந்துவிடுகிறார்கள். பழையதை எடுத்துவிட்டு, புதியதில் ஆயில் தடவி, அதற்கென்று உள்ள பள்ளத்திலேயே உட்கார வையுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பல மூடிகளின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

டப்பா ஃபில்டரை நானே மாட்டப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும் அண்ணா? (கரூர்)

பழைய வாஷரில். ஒருமுறை ஒரு கார் என்னிடம் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. வேறிடத்தில் காலையில்தான் ஆயில் மாற்றியிருக்கிறார்கள். ஃபில்டரைக் கழற்றினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் வாஷர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாஷர் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது, கவனிக்காமல் புதியதை அதன் மேலேயே ஏற்றிவிட்டார்கள். பத்து கிலோமீட்டருக்குள் வாஷர் பிதுங்கி ஆயில் எல்லாம் போய்விட்டது. ஃபில்டர் என்னவோ சரியான நம்பர்தான்.

கழற்றியதும் பழைய ஃபில்டரில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் பக்கம் விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். புது வாஷரில் புது ஆயில் தடவி, கையால் ஏற்றி, வாஷர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஃபில்டர் மேலேயே அளவு போட்டிருந்தால் அதன்படி. ஸ்பேனர் வேண்டாம். ஸ்டார்ட் செய்தால் சில நொடியில் ஆயில் லைட் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து கசிவு பாருங்கள். அப்புறம் வண்டியை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) எடுத்துப் பாருங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருக்கும், எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றிக்கொள்ளுங்கள்.