தோணி போகும் தூரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொற்கை பற்றிய கட்டுரையில், ‘ஒரு துறைமுகத்தின் தலையெழுத்தை எழுதுவது ஆறும் அது கொண்டுவரும் வண்டலும்தான்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தூத்துக்குடிக்கு ஏது ஆறு? என் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். கொழும்புத் தெருக்கள் அவருக்கு அத்துப்படி. அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். நான் இருபத்திரண்டு வயது வரை அந்த ஊரில்தான் இருந்தேன், பெரிய கப்பலைப் பக்கத்தில் பார்த்தது இரண்டே முறை. இதை இனியும் துறைமுக நகரம் என்று சொல்லலாமா, இல்லை துறைமுகம் உள்ள நகரம் என்றுதான் சொல்ல வேண்டுமா?

அன்புடன்,
ஒரு தூத்துக்குடிக்காரன்

*

அன்புள்ள தூத்துக்குடிக்காரருக்கு,

அந்த வரி அவசரத்தில் எழுதியது. கொற்கைக்கு அது சரி. தாமிரபரணி வளர்த்த துறையைத் தாமிரபரணியே மூடியது. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. அதன் பிறகு எழுந்த காயலுக்கும் ஏறக்குறைய அதே கதை. மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் அது, இன்றைய பழையகாயல். தூத்துக்குடி தப்பித்ததே பெரிய ஆறு எதுவும் அதன் வாசலில் வந்து விழாததால்தான். அதற்கு ஊர் கொடுத்த விலை குடிதண்ணீர். துறைமுகம் இருந்தது, மில் இருந்தது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. வல்லநாட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தை உங்கள் ஊர் இன்னும் கொண்டாடுவது சும்மா இல்லை. மழை குறைந்த அந்த வறட்சிதான் உப்பளத்தையும் கொடுத்தது. உங்கள் அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்தது ஒருவகையில் ஆறு இல்லாத குறைதான்.

ஆனால் தூத்துக்குடியின் குணத்தைத் தீர்மானித்தது ஆறும் இல்லை, வறட்சியும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கடலில் ஆழம் இல்லை. முயல் தீவும் அதைச் சுற்றியுள்ள திட்டுகளும் அலையைத் தடுத்தன, கரையோரம் தண்ணீர் அமைதியாக இருந்தது. ஆனால் நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் அவற்றால் கிட்டே வர முடியவில்லை. பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையில் இருந்த அந்தத் தூரத்தில்தான் உங்கள் தாத்தா வாழ்ந்தார். எந்தச் சரக்கானாலும் தோணியில் இறங்கி, தோணியில் ஏறி, மனிதன் கைபட்டுத்தான் போக வேண்டும். தண்டல், கூலியாள், மூட்டைக்குக் கணக்கு எழுதுபவர், சரக்கு வைக்கும் கிட்டங்கிக்காரர், வண்டிக்காரர் என்று ஒரு மூட்டைப் பருத்தி ஊரில் பாதிப் பேரை எழுப்பிவிடும். பொறியாளர் கண்ணில் அது குறை. ஊர் அந்தக் குறையில்தான் சோறு தின்றது.

அப்போது என்னென்ன போனது என்று பாருங்கள். கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசலிலிருந்து பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து மில்களுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது, கரிசலிலும் விலை ஏறியது. ஊரில் ஒரு சாலைக்கே கிரேட் காட்டன் ரோடு என்று பெயர். டபிள்யூ.ஜி.சி. ரோடு என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதில் வரும் ‘சி’ பருத்தி என்று தெரியாது. செம்மணல் தேரிக்காட்டிலிருந்து பனந்தும்பும் கருப்பட்டியும் வந்தன. மருந்துக்காக நிலாவிரை இலை வெளிநாடு போனது. 1876-ல் ரயில் வந்ததும் இதெல்லாம் வேகம் எடுத்தது. சரக்கோடு ஆட்களும் போனார்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு.

முத்தை வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். தூத்துக்குடி என்றால் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். ஆனால் முத்துக்குளிப்பு வருடா வருடம் நடந்ததல்ல. சிப்பி விளையாத ஆண்டுகள்தான் அதிகம். அந்தச் சூதாட்டம் பரதவர்களை ஆட்டிவைத்தது. 1530-களில் அவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கிறித்தவத்துக்குப் போனதற்கும், 1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததற்கும் பின்னால் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்கள் மீதான ஆசை இருந்தது. ஆனால் தினசரி அடுப்பை எரிய வைத்தது தோணிதான். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றே போனது, ஊர் நிற்கவில்லை. (ஊரின் பெயர்பெற்ற இனிப்பான மக்ரூனை யார் கொண்டுவந்தார்கள் என்ற சண்டையில் நான் இறங்க மாட்டேன். அதிலுள்ள முந்திரி மட்டும் போர்ச்சுக்கீசியர் உபயம்.)

அப்புறம் கொழும்பு. இந்த ஊரைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது தேர்ந்தெடுத்த வழியும் தூத்துக்குடி–கொழும்புதான். காசு புழங்கிய வழி அது. 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்ததும் சென்னையிலிருந்து ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குப் போன போட் மெயில் பயணிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை. 2011-ல் மறுபடி ஒரு பயணிகள் கப்பலை விட்டுப் பார்த்தார்கள், சில மாதங்களில் நின்றுவிட்டது. இன்று கொழும்புக்குப் போவது கண்டெய்னர். சிறிய கப்பலில் அங்கே போய், பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஒருகாலத்தில் கரைக்கும் கப்பலுக்கும் இடையில் தோணி செய்த வேலையை இப்போது தூத்துக்குடியே கொழும்புக்குச் செய்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் கப்பலைப் பார்க்காமல் வளர்ந்ததற்கு இப்போது வருகிறேன். நகரத்துக்குத் தெற்கே, ஆழத்தைத் தேடி, இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். 1974-ல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் முதல்முறையாகக் கரையைத் தொட்டது, ஆனால் ஊரை விட்டு விலகிப்போய். நிலக்கரி கன்வேயர் பெல்ட்டிலேயே அனல்மின் நிலையத்துக்குப் போய்விடுகிறது. கண்டெய்னரின் பூட்டை ஊருக்குள் யாரும் திறக்க வேண்டியதில்லை. சரக்கின் அளவு தாத்தா காலத்தைவிடப் பல மடங்கு. அதைத் தொடும் கைகள்தான் குறைவு. இதைக் கெட்ட காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதுகில் மூட்டை சுமந்த வாழ்க்கையை நினைத்து நாம் உருகலாம், சுமந்தவர் உருக மாட்டார். ஆனால் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் கேட்டால், புதிய துறைமுகத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொன்ன இரண்டாவது பெயர்தான் சரி.

பழைய துறைமுகத்துக்கு முதல் பெயர் இன்னும் பொருந்தும். அங்கே இன்றும் மரத்தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு போகின்றன, பாய்க்குப் பதில் எஞ்சினோடு. அடுத்த முறை ஊருக்குப் போனால் காலையில் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். அதற்கு முன், தாத்தாவின் தோணி எத்தனை மூட்டை தூக்கும், கப்பலுக்கும் கரைக்குமாக ஒரு நாளில் எத்தனை நடை போய் வரும் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.