கட்டில் இருக்கிறது, பியூஸ் எங்கே?

இந்த முறை கேம்பர் வான் கடிதங்கள் மட்டும். 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, ஓடிப் பழகிய டொல்பின் (டொயோட்டா ஹயஸ்) வான்களுக்குள் கட்டிலும் அடுப்பும் பூட்டி விற்பது கொழும்பைச் சுற்றி ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 2025 இல் இறக்குமதி திறந்தும் கடிதங்கள் குறையவில்லை.

கே: மழை பெய்தால் கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தின் ஓரமாக ஒழுகுகிறது. இரண்டு தரம் சிலிக்கன் அடித்தும் நிற்கவில்லை. (வாசகர், வெள்ளவத்தை)

ப: அடித்த சிலிக்கனில் வினாகிரி மணம் வந்ததா? அப்படியானால் அது குளியலறைக்கு உரியது. தகரத்தில் பூசினால் கறள் பிடிக்கும். பழைய சிலிக்கனுக்கு மேல் எதுவும் ஒட்டாது என்பதால் மூன்றாம் தரமும் மேலாலே பூசிப் பயனில்லை. துவாரத்தின் சட்டத்தைக் கழற்றி, பழையதைத் துளிகூட விடாமல் சுரண்டி, ஸ்பிரிற்றால் துடைத்து, அடியில் பியூட்டைல் ரேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்து இறுக்கி, ஓரத்துக்குப் பொலியுரித்தேன் சீலன்ட் போடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. ஒருவர் மேலே குழாயால் தண்ணீர் விட, மற்றவர் உள்ளே ரோர்ச்சோடு இருக்கட்டும். பின்பக்கத்திலிருந்து தொடங்கி மெதுவாக முன்னுக்கு வாருங்கள். தண்ணீர் நுழைகிற இடமும் சொட்டுகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரைப் பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் பலகையையும் மாற்ற வேண்டும்.

கே: 12.5 கிலோ காஸ் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா? இடம் அளவாக இருக்கிறது. (வாசகி, மட்டக்குளி)

ப: கூடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கட்டிலுக்கு அடியில்தான் தேங்கும், அதன் மேல்தான் நீங்கள் படுப்பீர்கள்.

கே: 100 ஆம்பியர் பற்றறி, பிரிட்ஜ், ஃபேன், ரைஸ் குக்கர் எல்லாம் இரவு முழுக்க ஓடும் என்று சொல்லி விற்றார்கள். குக்கரைப் போட்டதும் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நிற்கிறது. (வாசகர், தெஹிவளை)

ப: உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த "இரவு முழுக்க ஓடும்" மேல்தான். அதைச் சொல்பவர்களில் ஒருவராவது கணக்குப் போட்டுக் காட்டி நான் பார்த்ததில்லை, நானே போடுகிறேன். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,200 வாட்-மணி. ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே கையில் 600. சின்ன 12 வோல்ட் பிரிட்ஜ் 45 வாட் எடுத்து, எங்கள் வெக்கையில் நாளில் பாதி நேரம் ஓடினாலே 540 முடிந்தது. மிச்சத்தில் ஃபேன் கொஞ்சம் சுற்றும். 700 வாட் குக்கர் இன்வெர்ட்டர் வழியாக 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்ட் சரியும், இன்வெர்ட்டர் கத்தும். அது பழுதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இன்னொன்று. பற்றறியின் ஸ்டிக்கரைப் படியுங்கள். சி.சி.ஏ. (CCA, எஞ்சினைக் கிளப்பும் வலு) என்ற எண்தான் பெரிதாக இருந்தால், அநேகமாக அது எஞ்சினைக் கிளப்பவென்று செய்தது; இரவு முழுக்க மெதுவாகக் கொடுக்கச் செய்ததல்ல. வானை நிறுத்திச் சில மணித்தியாலம் விட்டு மீற்றர் வைத்தால் 12.6 க்கு மேல் நிறைவு, 12.1 என்றால் பாதி போய்விட்டது.

பியூஸ்! பற்றறியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அது காப்பது பிரிட்ஜை அல்ல, வயரை. பியூஸ் இல்லாத தடித்த வயர் தகர விளிம்பில் உரசினால் வான் எரியும். மெத்தைக்கு மூன்று நிறம் காட்டுகிறவர்கள் இதைக் காட்ட மாட்டார்கள். வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

என் வீட்டிலும் ஒரு "1000 வாட்" இன்வெர்ட்டர் கிடக்கிறது, புறக்கோட்டையில் மலிவாகக் கிடைத்தது. பியூர் சைன் இல்லை, அதாவது வீட்டு மின்சாரம் போலச் சீரான அலையாகக் கொடுக்காது. ஃபேனைப் பூட்டினால் உறுமும். நீங்கள் சோற்றை வெளியே காஸ் அடுப்பில் வையுங்கள்.

கே: வெளியூர்ப் பயணத்தில் ரயர் வெடித்தது. பள்ளங்கள் ஆழமாக, புத்தம் புதிதாக இருந்த ரயர். முகநூலில் படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பி வாங்கிய வான். (வாசகர், வத்தளை)

ப: படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பினீர்கள், சரி. நேரில் போனபோதாவது குனிந்து பார்த்தீர்களா? ரயரின் பக்கத்தில் டொட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் கிழமையும் ஆண்டும். 0815 என்றால் 2015 இன் எட்டாவது கிழமை. அதிகம் ஓடாமல் நிற்கிற வானில் ரயர் தேயாது, வயதுதான் போகும். கறுப்புப் பொலிஷ் பூசினால் எந்தக் கிழட்டு ரயரும் மினுங்கும். நான்கையும் பாருங்கள், ஸ்பெயார் ரயரையும் பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் கழற்றுங்கள்.

கே: ஜப்பானிலிருந்து வந்த பழைய கேம்பர். விற்ற இடத்திலேயே எங்கள் நாட்டுப் பிளக் பூட்டித் தந்தார்கள். வீட்டு மின்சாரத்தில் போட்டதும் மைக்ரோவேவ் கருகியது. "நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். (வாசகி, கொட்டாஞ்சேனை)

ப: அம்மா, இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. பிளக்கை மாற்றினால் வோல்ட் மாறாது என்பது அதைப் பூட்டிய கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே உள்ள வேறு எதையும் இனிச் சுவரில் செருக வேண்டாம். 230 ஐ 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்குவதா, பொருட்களை மாற்றுவதா என்பதை ஒரு எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

வியாபாரியிடம் வாங்கியதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். பற்றுச்சீட்டு, கருகிய மைக்ரோவேவின் படம், விற்றவர் அனுப்பிய செய்திகள் மூன்றையும் இணையுங்கள். வழி கேட்க 1977 என்ற தொலைபேசி எண்.

கே: தண்ணீர்த் தாங்கி மணக்கிறது. (வாசகர், பம்பலப்பிட்டி)

ப: லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் வாசனையில்லாத ப்ளீச். நிரப்பி, எல்லாக் குழாயையும் ப்ளீச் மணம் வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். பயணம் முடிந்தால் தாங்கியைக் காயவிடுங்கள்.

கே: வருடத்தில் பெரும்பாலும் வான் நிற்கிறது. கிழமைக்கு 10 நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தும் பற்றறி இறங்குகிறது. (வாசகர், கல்கிசை)

ப: ஸ்டார்ட் செய்ய எடுத்ததையே அந்த 10 நிமிடம் சரியாகத் திருப்பிக் கொடுக்காது, டீசல்தான் செலவு. நீண்ட நாள் நிற்கப் போகிறதென்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் காலி வீதியால் பாணந்துறை வரை ஓட்டிப் போய் வாருங்கள், பிரேக்கும் இறுகாது.